கலை, விளையாட்டு அமைப்புகளின் பணியாளர்களுக்குப் பருவநிலைப் பயிற்சி: அரை நாளில் நடத்தும் முறை

நடனப் பள்ளி, நூலகம், சமூக மண்டபம், பூப்பந்து அரங்கம் என இலாப நோக்கமின்றி இயங்கும் அமைப்புகளில் பருவநிலைப் பயிற்சி பெரும்பாலும் ஒரே மாதிரிதான் நடக்கிறது. பேச்சாளர் வருவார், உருகும் பனிப்பாறையைத் திரையில் காட்டுவார், கைதட்டல், பிறகு மீ கோரேங் (வறுத்த நூடுல்ஸ்). மறுநாள் ஏர்கோன் (குளிரூட்டி) அதே 18 பாகையில் ஓடும். அமைப்பின் சொந்த மின்கட்டண பில்லும் நிகழ்ச்சிப் பட்டியலுமே பாடமாக இருந்தால்தான் பயிற்சி மனத்தில் நிற்கும். வந்தவர்கள் ஒவ்வொருவரும் தம் கையில் அதிகாரமுள்ள ஒரு முடிவோடு வெளியே போக வேண்டும். கீழே உள்ளது மலேசியாவின் பினாங்கில் ஒரு மண்டபத்தை மனத்தில் வைத்து எழுதியது, கோலாலம்பூருக்கும் பொருந்தும்.

முன்னேற்பாடு

இரண்டு வாரங்களுக்கு முன்பே பொருளாளரிடம் பன்னிரண்டு மாத தெனாகா (மின் நிறுவனம்) பில்களைக் கேளுங்கள். கணக்கு பழைய தலைவரின் பெயரிலேயே கிடக்கும், செயலியில் நுழைய முடியாது; கடைசி நேரத்தில் கேட்டால் கிடைக்காததற்கு இதுதான் காரணம். வாடகை மண்டபம் என்றால் பில் வராது. ஒரு நிகழ்ச்சிக்கு முன்னும் பின்னும் மீட்டரைப் படம் எடுத்துக்கொண்டால் போதும்.

ஒவ்வோர் ஏர்கோனின் பெயர்த் தகட்டையும் படம் எடுங்கள். மின்திறனும் அதிலுள்ள வாயுவின் வகையும் எடையும் அங்கேயே அச்சிட்டிருக்கும். அதோடு கடந்த ஆண்டு நிகழ்ச்சிப் பட்டியல், அறை வெப்பமானி ஒன்று, பெரிய வெள்ளைத் தாள்கள்.

பன்னிரண்டிலிருந்து பதினாறு பேர் சரியான அளவு. காவலாளியையும் துப்புரவுப் பணியாளரையும் விட்டுவிடாதீர்கள். விளக்கையும் ஏர்கோனையும் அணைப்பவர்கள் அவர்கள்தாம். தமிழ் தெரியாதவர் இருந்தால் மலாயில் சொல்லுங்கள். காசோலையில் கையெழுத்திடும் செயலவை உறுப்பினர் ஒருவராவது முழு நேரமும் உட்கார வேண்டும். அவர் இல்லையென்றால் தேதியை மாற்றுங்கள்.

முதல் அரை மணி: அறிவியல்

சுருக்கமாக முடியுங்கள். நிலக்கரி, எண்ணெய், எரிவாயு எரியும்போது வரும் கரியமில வாயு வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது. தீபகற்ப மலேசியாவின் மின்சாரம் பெரும்பாலும் நிலக்கரியிலிருந்தும் எரிவாயுவிலிருந்தும்தான் வருகிறது. ஆகவே ஒரு யூனிட் (கிலோவாட்-மணி) மின்சாரத்துக்கு ஏறத்தாழ 0.77 கிலோ கரியமில வாயு. காற்று ஒரு பாகை சூடானால் சுமார் 7 விழுக்காடு கூடுதல் நீராவியைத் தாங்கும். பெய்யும்போது கொட்டித் தீர்ப்பதற்கு அது ஒரு காரணம்.

2017 நவம்பர் 4, 5 பினாங்கு வெள்ளத்தை யாராவது கட்டாயம் எடுப்பார்கள். பேசட்டும். ஆனால் அந்த வெள்ளம் முழுவதையும் பருவநிலைமேல் போடாதீர்கள். வடிகால், மலைச்சரிவுக் கட்டுமானம், கடலின் உயர் ஓதம் எல்லாம் உடன் வரும். மிகைப்படுத்தினால் அறையில் ஒருவர் பிடித்துக்கொள்வார், மிச்ச நேரம் அதிலேயே போகும்.

அடுத்த ஒன்றரை மணி: ஒரு நிகழ்ச்சியின் கணக்கு

பயிற்சியின் உயிர் இங்கேதான். உண்மையில் நடந்த ஒரு நிகழ்ச்சியை எடுத்து, குழுக்களாகப் பிரிந்து கணக்கிடச் சொல்லுங்கள். 200 பேர் வந்த நடன மாலை என்று வைத்துக்கொள்வோம். ஐந்து குதிரைத்திறன் ஏர்கோன் நான்கு, ஒவ்வொன்றும் மணிக்குச் சுமார் 4.5 யூனிட், ஐந்து மணி நேரம்: 90 யூனிட், 70 கிலோ. பழைய 1000 வாட் மேடை விளக்கு பன்னிரண்டு, மூன்று மணி நேரம் முழு வெளிச்சத்தில்: 36 யூனிட், 28 கிலோ. அந்தச் சூட்டை வெளியேற்ற ஏர்கோன் கூடுதலாக உழைப்பது தனி. பார்வையாளர் கார் 80, போகவர 20 கிலோமீட்டர், கிலோமீட்டருக்கு 0.2 கிலோ: 320 கிலோ. சென்னையிலிருந்து ஐந்து கலைஞர்கள் விமானத்தில் வந்து திரும்பினால், ஆளுக்கு 300 முதல் 500 கிலோ என்று, 1500க்குக் குறையாது.

தண்ணீர்ப் போத்தல் 200 என்றால் இருபது கிலோ அளவில். கூட்டங்களில் அதிக நேரம் சண்டை நடப்பது இதைப் பற்றித்தான்! போத்தலைக் குறைப்பது குப்பைக்கு நல்லது, செய்யுங்கள். ஆனால் அதோடு கடமை முடிந்ததாக நினைத்துவிடக் கூடாது.

கலைஞர்களை அழைக்காதே என்பதல்ல முடிவு. ஒரே பயணத்தில் பினாங்கு, ஈப்போ, கோலாலம்பூர் மூன்றிலும் மேடையேற்றி, இடையில் பயிலரங்கும் வைத்தால் விமானச் செலவையும் மூன்று அமைப்புகள் பகிர்ந்துகொள்ளலாம்.

கணக்கில் பலரும் தவறவிடுவது ஏர்கோன் வாயு. ஆர்-410ஏ ஒரு கிலோ கசிந்தால் இரண்டு டன் கரியமில வாயுவுக்குச் சமம். அந்தக் கணக்கில் அது சுமார் 2,600 யூனிட் மின்சாரம். ஆண்டுதோறும் ‘கேஸ் டாப்-அப்’ செய்கிறோம் என்றால் எங்கோ கசிகிறது என்று பொருள். நிரப்பும் முன் கசிவை அடைக்கச் சொல்லுங்கள். புதிதாக வாங்கினால் ஆர்-32 வாயு உள்ளது; அதன் தாக்கம் மூன்றில் ஒரு பங்குதான்.

முடிவுகளைப் பிரித்தல்

ஒரு மணி நேரம். ஒவ்வொருவரும் யாருடைய அனுமதியும் இல்லாமல் நாளையே மாற்றக்கூடிய ஒன்றை எழுத வேண்டும். ‘சுற்றுச்சூழலைக் காப்பேன்’ என்று எழுதினால் திருப்பிக் கொடுங்கள். மண்டபப் பொறுப்பாளர்: ஏர்கோன் 24 பாகை, கூட்டம் வருவதற்கு அரை மணி முன்புதான் தொடக்கம். (18இல் வைத்தால் வேகமாகக் குளிரும் என்பது சாதாரண (இன்வர்ட்டர் இல்லாத) ஏர்கோனில் உண்மையல்ல, வேகம் ஒன்றே, நிற்கும் புள்ளிதான் வேறு.) பதிவு மேசை: நிகழ்ச்சி முடியும் நேரத்தைக் கடைசிப் பேருந்தோடு ஒத்துப் பார்த்தல். உணவுப் பொறுப்பாளர்: பதிவான எண்ணிக்கைக்கே சமையல், ஆட்டுக்கறிக்குப் பதில் கோழி அல்லது சைவம். பினாங்குத் தீவின் குப்பை பூலாவ் பூரோங் நிலநிரப்புக்குப் போகிறது. அங்கே அழுகும் சோறு மீத்தேனாகிறது.

கையெழுத்திடுபவரின் பட்டியல் தனி: விளக்கு மாற்றம், கசிவுப் பழுது, கூரை வெப்பக்காப்பு. ஒவ்வொன்றுக்கும் தொகையும் மாதமும் எழுத வேண்டும்.

கடைசி அரை மணி: வெயிலும் வெள்ளமும்

பணியாளர்கள் அதிகம் கேட்க விரும்புவது இதைத்தான். வானிலைத் துறையின் முதல் நிலை எச்சரிக்கை, நாளின் உச்ச வெப்பம் மூன்று நாள் தொடர்ந்து 35 முதல் 37 பாகை. இரண்டாம் நிலை 37 முதல் 40. முதல் நிலையில் வெளிப்புறப் பயிற்சி காலையிலோ மாலை ஐந்துக்குப் பிறகோ, இரண்டாம் நிலையில் ரத்து என்று முன்கூட்டியே எழுதி ஒட்டுங்கள். அன்றைக்கு விவாதித்தால் பயிற்றுநர் ‘பரவாயில்லை’ என்றுதான் சொல்வார். தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலில் நிற்கும் தொண்டூழியருக்கும் இதே விதி; இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றம்.

தரைத்தளத்தில் மிருதங்கம், நடன உடை, பழைய ஆவணம் இருந்தால் அரை மீட்டராவது உயரமான அடுக்குக்கு மாற்றுங்கள். கனமழை எச்சரிக்கை வந்தால் யார் வந்து தூக்குவது, சாவி யாரிடம், மின்சுவிட்சை யார் அணைப்பது என்று மூன்று பெயர்களைச் சுவரில் எழுதி வையுங்கள்.

பிறகு

மூன்று மாதம் கழித்து பில்லை ஒப்பிடும்போது போன மாதத்தோடு ஒப்பிடாதீர்கள். தீபாவளி மாதமும் பள்ளி விடுமுறை மாதமும் ஒன்றல்ல. போன ஆண்டின் அதே மாதத்தை எடுத்து, யூனிட்டை மண்டபம் பயன்பட்ட மணி நேரத்தால் வகுங்கள். அந்த ஓர் எண்ணை மாதாந்தரச் செயலவைக் கூட்டத்தில் பொருளாளர் அறிக்கையின் முதல் வரியாகச் சேருங்கள். தனி அறிக்கை கேட்டால் இரண்டாம் மாதமே நின்றுவிடும்.