பௌத்தம் சொல்லும் மறுபிறவி: நாம் தடுக்கி விழும் இடங்கள்

ஆடி அமாவாசை அன்று பாபநாசம் படித்துறையில் நின்று பார்த்தால், தாமிரபரணியில் முங்கி எழுந்தவர்கள் உடுத்திய துணியை ஆற்றிலேயே விட்டுவிட்டுப் போவது தெரியும். பழைய வேட்டியும் சேலையும் கல்லிடுக்கில் சுற்றிக் கிடக்கும். பாவம் துணியோடு போய்விடும் என்பது நம்பிக்கை. மறுபிறவி என்றதும் நம் மனசில் வருவதும் ஏறக்குறைய இந்தக் காட்சிதான்: உயிர் நைந்த துணியைக் களைந்துவிட்டுப் புதுசு உடுத்திக்கொள்கிறது. அது கீதை சொல்லும் உவமை. அதை அப்படியே புத்தருக்கும் ஏற்றிச் சொல்வது முதல் தவறு. மற்றவை பெரும்பாலும் இதிலிருந்து கிளைத்தவை.

பௌத்தத்தில் துணி மாற்றுகிற ஆள் கிடையாது. உருவு, நுகர்ச்சி, குறிப்பு, பாவனை, அறிவு என்று மணிமேகலைக் காப்பியம் எண்ணும் ஐந்து கந்தங்களின், அதாவது கூறுகளின் ஓட்டத்தைத்தான் 'நான்' என்கிறோம். பழைய பௌத்த நூல்களின் மொழியான பாலியில் மறுபிறவிக்குப் 'புனப்பவம்' என்று பெயர். பவம் என்றால் ஆதல், உண்டாதல். மீண்டும் உண்டாவது என்றுதான் அந்தச் சொல் சொல்கிறது; யாரோ ஒருவர் மீண்டும் வருகிறார் என்று சொல்லவில்லை.

இந்தத் தவறு புத்தர் காலத்திலேயே நடந்தது. மீனவர் மகனான ஸாதி என்ற பிக்கு, இதே அறிவுதான் மாறாமல் பிறவிக்குப் பிறவி ஓடுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். புத்தர் அவரைக் கூப்பிட்டுக் கண்டித்தார். விறகைப் பற்றி எரிந்தால் விறகுத் தீ, வறட்டியைப் பற்றி எரிந்தால் வறட்டித் தீ; அறிவும் அப்படித்தான், சார்பு இல்லாமல் அது எழுவதே இல்லை என்று விளக்கினார்.

உடனே பலர் எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடுவார்கள். "உயிரே இல்லை என்றால் செத்ததோடு எல்லாம் முடிந்தது, அப்புறம் வினை யாரைப் பிடிக்கும்?" இதையும் புத்தர் ஏற்கவில்லை. கார்த்திகைக்கு எங்கள் வீட்டு வாசலில் அகல் வைக்கும்போது ஆச்சி தீக்குச்சியை ஒருமுறைதான் கிழிப்பாள். எரிகிற அகலைச் சாய்த்து அடுத்ததன் திரியில் ஒட்டவைப்பாள். திரி ஒரு நொடி கருகி, பொறிந்து, பிறகு பற்றிக்கொள்ளும். முதல் அகலின் சுடர் குறையாது. ஆனாலும் அது இல்லாமல் இரண்டாவது எரிந்திருக்காது. கிரேக்க அரசன் மிலிந்தனுக்கு நாகசேனர் என்ற பிக்கு இதே விளக்கைத்தான் காட்டினார். இராத்திரி முழுக்க எரியும் விளக்கில் முதல் சாமத்துச் சுடரும் கடைசிச் சாமத்துச் சுடரும் ஒன்றா, வேறா? அதுவேயும் அல்ல, வேறும் அல்ல என்பது அவர் முடிவு. தொடர்ச்சி உண்டு, பயணி இல்லை. எனக்கு இது பிடிபட வெகுநாள் ஆயிற்று.

நம் பக்கத்தில் இன்னொரு குழப்பம் உண்டு. கழுகுமலைப் பாறையில் வரிசையாக அமர்ந்திருக்கும் உருவங்களைப் பார்த்துப் பிள்ளைகளிடம் "புத்தர்" என்று காட்டுகிறவர்களை நானே கேட்டிருக்கிறேன். அவர்கள் சமணத் தீர்த்தங்கரர்கள். பெயர் மாறிப்போவதோடு இது நிற்பதில்லை. சமணத்தில் உயிர் உண்டு. அதன்மேல் வினை தூசியாக ஒட்டும், அந்தச் சுமையோடு உயிர் அடுத்த உடலுக்குப் போகும். சிற்பத்தை மாற்றிச் சொல்கிறவர் கொள்கையையும் மாற்றிச் சொல்லிவிடுகிறார்.

நான் மனசாரத் தடுக்க நினைப்பது வேறொரு தவறு. குறையோடு பிறந்த குழந்தையைப் பார்க்கப் போன இடத்தில், "போன ஜென்மத்துல என்ன பாவம் செஞ்சுதோ" என்று தாய் காதுபடச் சொல்வது. எங்கள் தெருவில் ஒரு வீட்டில் இதைக் கேட்டேன். அந்தப் பெண் குழந்தையின் கால்மேல் கிடந்த துணியை இழுத்து மூடினாள், யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. இப்படிச் சொல்கிறவர்கள் புத்தரைச் சாட்சிக்கு இழுக்கக் கூடாது. சீவகன் என்ற துறவி அவரிடம் இதையே கேட்டான்: மனிதர் படும் இன்பதுன்பம் எல்லாமே முன்வினைப் பயன்தானா? இல்லை என்றார் புத்தர். பித்தம், சிலேத்துமம், வாதம், இவை மூன்றும் கூடுவது, பருவ மாற்றம், தாறுமாறான நடப்பு, பிறர் தாக்குவது, இவ்வளவையும் எண்ணிவிட்டு எட்டாவதாகத்தான் வினைப்பயனைச் சொன்னார். எல்லாம் பழைய வினையே என்பவர்கள் உலகம் கண்ணால் அறிந்ததையே மீறிப் பேசுகிறார்கள் என்றும் சொன்னார். வினை என்பதற்கு அவர் தந்த விளக்கமும் சின்னதுதான்: எண்ணமே வினை. மனம் எதை நாடிச் செய்கிறதோ அது. தலையெழுத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

நிப்பானத்தை, அதாவது பிறவித் தொடர் அற்ற நிர்வாண நிலையை, சொர்க்கம் என்று நினைப்பதும் தவறு. மக்கள், தேவர், பிரமர், நரகர், விலங்கு, பேய் என்ற ஆறு பிறப்பில் தேவர் பிறப்பும் ஒன்று. அதுவும் ஒருநாள் தீரும். 'பவத்திறம் அறுக', பிறவி அறட்டும் என்றுதான் காப்பியத்தின் நாயகி மணிமேகலை நோற்றாள். முற்பிறவியில் தான் இலக்குமி, கணவன் இராகுலன் என்று மணிபல்லவத்துப் பீடிகையின் முன் அறிந்தவள் அவள். ஆனால் காப்பியம் அந்தப் பழங்கதையோடு நின்றுவிடவில்லை. பேதைமையில், அதாவது அறியாமையில் தொடங்கி ஒன்றைப் பற்றி ஒன்று எழும் பன்னிரண்டு சார்புகளையும் தன் குருவான அறவண அடிகளிடம் அவள் கேட்டறிகிறாள். பேதைமை நீங்க, ஒவ்வொன்றாக மற்றவையும் நீங்கும் என்று அவர் சொல்கிறார்.