வேலைக்குப் போவதா, வீட்டில் நிற்பதா? கணக்கில் விடும் பிழைகள்

விடிய ஐந்தரைக்குக் கிளிநொச்சிப் பக்கம் பரந்தன் சந்தியில் நின்றால், கம்பனி பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பெண்களைக் காணலாம். ஒரு கையில் சாப்பாட்டுப் பை, மறு கையில் போன். பஸ்ஸில் கால் வைக்கிற நேரத்திலும் ஒருத்தி கேட்டுக்கொண்டு நிற்பாள்: "பிள்ளை எழும்பிட்டுதா அம்மா? அழுகிறானா?"

எங்கள் பக்கத்து வீட்டுத் தங்கச்சியும் அந்த பஸ்ஸில் ஏறுவதா இல்லையா என்று யோசித்துக்கொண்டிருந்தாள். கணவன் மேசன். பிள்ளைக்கு இரண்டரை வயது. போன வருடக் கலண்டர் தாளின் பின்பக்கத்தில் கணக்கு எழுதிக்கொண்டு வந்தாள். சம்பளம் 30,000. அதில் ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) 2,400 போகும். பிள்ளை பார்க்கிற அக்காவுக்கு 10,000. பால்மா, கடைச் சாப்பாடு, பஸ் தவறினால் ஆட்டோ என்று 6,500. மிச்சம் 11,100. "இதுக்காகப் போகவேணுமா அக்கா?"

கூட்டல் கழித்தலில் பிழை இல்லை. பிழை வேறு இடத்தில். பிள்ளை பார்க்கிற செலவை ஏன் அவளுடைய சம்பளத்தில் மட்டும் கழித்தாள்? பிள்ளை இரண்டு பேருக்கும்தானே! கணவன் வேலைக்குப் போவதாலும்தான் பிள்ளையைப் பார்க்க ஆள் தேவைப்படுகிறது. வன்னியில் நான் பார்த்த வீட்டுக் கணக்குகளில் பெரும்பாலும் இதே பிழைதான். ஆம்பிளையின் உழைப்பு முழுசாக நிற்கும். பொம்பிளையின் சம்பளத்தில்தான் எல்லாச் செலவும் வந்து விழும், பிறகு "உன்ரை சம்பளத்தில என்ன மிஞ்சுது?" என்ற கேள்வியும் வரும். இரண்டு வருமானத்தையும் ஒரே பானையில் போட்டு, வீட்டுச் செலவைப் பானையிலிருந்து கழித்துப் பாருங்கள்.

அப்படிப் போட்டால் இன்னொன்றும் தெரியவரும். மேசன் வேலை மழைக்கு நின்றுவிடும். கார்த்திகை, மார்கழியில் கிழமைக்கணக்காக வேலை இல்லாமல் இருப்பார்கள். வயல் கூலியும் அப்படித்தான்: காலபோக விதைப்பு, களை, அப்புறம் மாசி பங்குனியில் அறுவடை. அந்த அறுவடையையும் இப்போது மெசின் வெட்டிவிட்டுப் போகிறது. இப்படிப்பட்ட வீட்டில் மாதச் சம்பளத்தின் பெறுமதி அதன் தொகையில் மட்டும் இல்லை. மழை பெய்தாலும் குறித்த திகதியில் அது வந்து விழும்.

ஈ.பி.எஃப். வெட்டை நட்டம் என்று எழுதியிருந்தாளே, அதுவும் சரியில்லை. அவளிடம் வெட்டுவது 8 வீதம். முதலாளி தன் பங்குக்கு 12 வீதம் போடவேண்டும், ஈ.ரி.எஃப். என்ற ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம் வேறு. 30,000 ரூபாய்க்கு மாதம் 6,900 அவள் பெயரில் சேருகிறது. கையில் புழங்கும் காசு இல்லைதான், ஆனால் பெண்களுக்கு 50 வயதில் எடுக்கலாம். கச்சான் பிடுங்கப் போனால் இது ஒன்றும் கிடையாது.

சரி, அப்படியென்றால் எல்லோரும் கிளம்பிவிடவேண்டுமா? அதுவும் இல்லை. வீட்டில் நிற்பதை "சும்மா இருப்பது" என்று எழுதுவதும் பிழைதான். தங்கச்சியின் வளவில் ஒரு பசு, பத்துப் பதினைந்து கோழி, வேலியோரம் முருங்கை. காலையில் பால் போத்தல் ஊற்றுகிறாள், முட்டை கடைக்குப் போகிறது. கலண்டர் தாளில் இதில் ஒன்றுகூட இல்லை. விடிய ஐந்தரைக்குப் பஸ் ஏறுகிறவள் பால் கறப்பது எப்போது? மாட்டை விற்கவேண்டிவரும். அந்த வருமானம் போவதையும் செலவுப் பக்கத்தில் எழுதத்தானே வேண்டும்?

"அம்மம்மா பாப்பா" என்று ஒரு வார்த்தையில் முடிப்பது அடுத்த பிழை. அம்மம்மாவுக்கு முழங்கால் நோ, சீனி வருத்தம். பிள்ளையோ பிடித்து நிறுத்த முடியாத வயது. கட்டு இல்லாத கிணறு எங்கள் ஊரில் இன்னும் எத்தனை வளவில் இருக்கிறது! முதலில் கிணற்றைச் சுற்றி அடையுங்கள், பிறகு வேலைக்கு விண்ணப்பியுங்கள். அம்மம்மாவின் கையிலும் மாதாமாதம் ஏதாவது வையுங்கள். அவர் கேட்கமாட்டார், அதற்காகக் கொடுக்காமல் விடக்கூடாது.

பழைய விலையில் கணக்குப் போடுகிறவர்களும் உண்டு. "2022 மாதிரி இல்லை, இப்ப விலை குறைஞ்சிட்டுது" என்பார்கள். பொருளாதார நெருக்கடி வந்த 2022இல், செப்ரெம்பரில் இலங்கையின் பணவீக்கம் 70 வீதத்துக்குக் கிட்டப் போனது. பிறகு இறங்கியது பணவீக்கம்தான். அதாவது, விலை ஏறுகிற வேகம் குறைந்தது. ஏறிய விலையில் பெரும்பகுதி ஏறியபடியேதான் நிற்கிறது. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரேயடியாக 340 ஆனபோது முல்லைத்தீவில் படகுகள் கரையேறிக் கிடந்ததை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். நெருக்கடிக்கு முன் ஒருவர் உழைப்பில் ஓடிய வீடு இப்போதும் ஓடும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். போன மாதக் கடைச் சிட்டைகளை வைத்து எழுதுங்கள்.

முதல் சம்பளம் கைக்கு வரமுன்னமே லீசிங்கில் மோட்டார் சைக்கிள், கிழமைக் கடனில் பிரிஜ். இதுதான் எனக்குப் பயம். கடன் வந்துவிட்டால் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் வேலையை விடமுடியாது. 2018இல் வறட்சி மாவட்டங்களில் பெண்கள் கட்டமுடியாமல் தவித்த, ஓர் இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களை அரசே பொறுப்பேற்க வேண்டிவந்தது. மூன்று மாதச் சம்பளம் வரட்டும், பிறகு பார்க்கலாம்.

பிள்ளை பிறந்ததும் எதையும் விசாரிக்காமல் வேலையை விடுகிறவர்களுக்கும் ஒரு சொல். பிரசவ விடுப்பு 84 நாள், எத்தனையாவது பிள்ளை என்றாலும் அதே அளவு. பிள்ளைக்கு ஒரு வயதாகும்வரை பாலூட்ட நாளுக்கு இரண்டு இடைவேளை சட்டத்தில் இருக்கிறது. பிள்ளை பராமரிப்பு இடம் வேலைத்தலத்தில் இல்லையென்றால் ஒவ்வொன்றும் ஒரு மணித்தியாலம். கேட்டுப் பார்த்துவிட்டு விடுங்கள்.

அரசு கொடுக்கும் அஸ்வெசும உதவிப்பணம் வெட்டுப்படும் என்ற பயத்தில் வேலையை மறுப்பவர்களும் இருக்கிறார்கள். அந்தத் தெரிவு வருமானத்தை மட்டும் பார்ப்பதில்லை, வீடு, சொத்து, கல்வி, உடல்நலம் என்று பல அளவுகோல் சேர்ந்தது. அதோடு அது காலவரையறை உள்ள உதவி. அதை நம்பி வேலையை விடுவது கெட்டித்தனம் இல்லை.

இவ்வளவும் இரண்டு பேர் உழைக்கக்கூடிய வீட்டுக்கு. போர் முடிந்த 2009க்குப் பிறகு தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாய்மார் இங்கே எத்தனையோ பேர். அவர்களிடம் போய் "வேலையா, வீடா" என்று கேட்பதே சரியில்லை. யார் பிள்ளையைப் பார்ப்பது என்ற ஒரு கேள்விதான் அங்கே. நாலு தாய்மார் சேர்ந்து ஒருவரை வீட்டில் நிற்பாட்டி அவருக்குக் காசு கொடுக்கிற ஏற்பாடு, எனக்குத் தெரிந்த ஓர் ஒழுங்கையில் நன்றாகவே நடக்கிறது.

தங்கச்சி இன்னும் பஸ் ஏறவில்லை. "கன்று போடட்டும், பிறகு பாப்பம்" என்றாள். கலண்டர் தாள் குசினிச் சுவரில் தொங்குகிறது. போன கிழமை பார்த்தபோது, "பிள்ளை பார்க்க 10,000" என்ற வரியை வெட்டி இரண்டு ஐயாயிரமாக எழுதியிருந்தது, ஒன்றுக்குப் பக்கத்தில் கணவனின் பெயர். எழுத்து அவனுடையது.