நாலு வகை வழக்கு, ஒரே தேதிப் பட்டியல்

கட்சிக்காரர் சொன்ன கதையைக் கேட்ட கையோடு வாதத்தை யோசிக்க உட்காருவதுதான் ஜூனியர்கள் செய்யும் முதல் தப்பு. வியாபாரத் தகராறோ, உயிலோ, கட்டட வழக்கோ, இன்சூரன்ஸ் கிளெய்மோ, முதலில் தேதிப் பட்டியல் போடுங்கள்.

தாளில் நான்கு பத்தி: தேதி, நடந்தது, அதைக் காட்டும் ஆவணம், அந்த ஆவணத்தை நிரூபிக்கும் சாட்சி. நான்காவது பத்தி காலியாக இருக்கும் வரியை நம்பி வழக்கை நடத்த முடியாது. கட்சிக்காரர் வாயால் மட்டும் சொன்னதை வேறு நிற மையில் எழுதுங்கள். எவ்வளவு கைவசம் இல்லை என்பது பார்த்ததுமே தெரியும்.

பட்டியலின் தலையில் கெடுக்கள் வர வேண்டும். வழக்குப் போட சட்டம் தரும் காலவரம்பு எல்லாருக்கும் நினைவிருக்கும். ஒப்பந்தத்துக்குள் ஒளிந்திருக்கும் கெடுதான் கழுத்தை அறுக்கும். ஆலோசனைப் பொறியாளர்களின் சர்வதேச அமைப்பான ஃபிடிக்கின் 1999 கட்டுமான ஒப்பந்தப் படிவத்தில் 20.1-ஆம் பிரிவின்படி, கிளெய்முக்கான காரணம் தெரிந்த, அல்லது தெரிந்திருக்க வேண்டிய நாளிலிருந்து 28 நாளுக்குள் கான்ட்ராக்டர் நோட்டீஸ் தர வேண்டும். தவறினால் கூடுதல் நாளும் இல்லை, பணமும் இல்லை.

கட்டட வழக்கில் தாமதம் என்ற சொல்லை அப்படியே ஏற்காதீர்கள். பெயிண்ட் வேலை 10 நாள் தள்ளிப்போயிருக்கலாம். லிஃப்ட் வந்து சேரவே இன்னும் 3 வாரம் இருந்தால் அந்த 10 நாளால் முடிவுத் தேதி நகரவில்லை. எந்த வேலை தள்ளினால் முடிவுத் தேதியும் தள்ளும் என்பதை வேலை அட்டவணையில் குறித்த பிறகே நஷ்டஈட்டுக் கணக்குக்குப் போங்கள். கட்டட இடத்தில் அன்றாடம் எழுதும் சைட் டைரியின் அசலை வாங்கிப் பாருங்கள், நகல் போதாது. ஒரு மாதம் முழுக்க ஒரே பேனா, ஒரே அழுத்தம் என்றால் மாதக் கடைசியில் உட்கார்ந்து எழுதியதாக இருக்கலாம். கான்கிரீட் லாரி ரசீது, ஆள் வருகைப் பதிவேடு இரண்டோடும் நாள்வாரியாக ஒப்பிடுங்கள்.

உயில் வழக்கில் கையெழுத்துப் போட்ட அந்த நாள், முடிந்தால் அந்த மணி நேரம்தான் முக்கியம். ஆங்கிலப் பொதுச்சட்ட மரபில் உயில் எழுதியவரின் மனத்தெளிவுக்கு அளவுகோல் 1870-இன் பேங்க்ஸ் எதிர் குட்ஃபெலோ வழக்கு. அங்கே உயில் எழுதியவருக்கு மனப்பிரமை இருந்தது. அது சொத்துப் பங்கீட்டைத் தொடாததால் உயில் நின்றது. ஆகவே ‘மனநோய் இருந்தது’ என்ற மருத்துவச் சான்று மட்டும் போதாது. நர்ஸ் குறிப்பு, மருந்து கொடுத்த நேரம் இரண்டையும் கேட்டு வாங்குங்கள். சான்றொப்பமிட்ட இருவரையும் தனித்தனியாக விசாரியுங்கள்: யார் முதலில் அறைக்குள் வந்தது, பேனா யாருடையது?

இன்சூரன்ஸில் அடிக்கடி நடக்கும் கோளாறு, புதுப்பித்த பாலிசியின் வாசகத்தைப் படித்துவிட்டு வாதாடுவது. நஷ்டம் நடந்த நாளில் அமலில் இருந்த வாசகமும் அதன் இணைப்புகளும்தான் வேண்டும். கம்பெனி ‘மறைத்துவிட்டார்’ என்றால், விண்ணப்பப் படிவத்தில் கேட்ட கேள்வி என்ன, பதிலை நிரப்பியது யார் என்று பாருங்கள். உண்மையை மறைக்கக் கூடாது என்ற கடமைக்கு எல்லாரும் காட்டும் 1766-இன் கார்ட்டர் எதிர் போம் வழக்கிலேயே ஜெயித்தது பாலிசி எடுத்தவர் பக்கம் என்பது பலருக்கு மறந்துவிடும்.

வியாபார வழக்கில், வழக்கமாக வராத லாப இழப்பைக் கேட்டால் 1854-இன் ஹாட்லி எதிர் பாக்ஸண்டேல் நினைவிருக்கட்டும்: அந்தச் சிறப்புச் சூழ்நிலை ஒப்பந்தம் போடும்போதே எதிராளிக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதைக் காட்டும் கடிதமோ மின்னஞ்சலோ பட்டியலில் உண்டா?

குறுக்கு விசாரணையும் இதே பட்டியலிலிருந்துதான். ஒரு கேள்விக்கு ஒரு விஷயம். பதில் ஏற்கெனவே காகிதத்தில் இருக்க வேண்டும். ‘ஏன்’ என்று கேட்காதீர்கள். கேட்டால் சாட்சி விளக்கம் சொல்லித் தப்பிப்பார். ஆனால் அவர் சொல்வது பொய் என்று பின்னால் வாதாடப் போகிறீர்கள் என்றால், அதை அவரிடமே நேராகக் கேட்டுவிட வேண்டும். 1893-இன் பிரவுன் எதிர் டன் சொல்வது அதுதான்.

“12-ஆம் தேதி டைரியில் ‘மழை, வேலை இல்லை’ என்று எழுதியது நீங்கள்?”

“ஆமாம்.”

“அதே நாள் 6 கன மீட்டர் கான்கிரீட் இறக்கிய ரசீதில் இருப்பது உங்கள் கையெழுத்து?”

“ஆமாம்.”

“டைரியில் அந்த வரியைப் பிற்பாடு எழுதிச் சேர்த்தீர்கள் என்று சொன்னால் சரிதானே?”

“சரியல்ல.”

மறுத்தால் மறுக்கட்டும். அடுத்த தேதிக்குப் போய்விடுங்கள்.