வயருக்கு லேபிள் மெஷின் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராத்திரி பதினோரு மணிக்கு, திருப்பூர் பக்கம் ஒரு சாய ஆலையில் ஸ்டென்டர் (துணியை விரித்து உலர்த்தும்) மெஷின் நின்றுவிட்டது என்று கூப்பிட்டார்கள். போய்ப் பேனல் கதவைத் திறந்தேன். டெர்மினல் வரிசையில் நாற்பது வயர். ஒவ்வொன்றிலும் வெள்ளை ஸ்டிக்கர் ஒழுங்காகச் சுற்றியிருந்தது, எழுத்தைத்தான் காணோம். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் எங்கோ ஒரு 7-இன் கொக்கி மங்கலாகத் தெரிந்தது. ஒட்டி ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை என்றார்கள். மெயினை ஆஃப் செய்து, மறுமுனையில் தம்பியை நிற்க வைத்து, மல்டிமீட்டரைக் கண்டினியூட்டியில் (வயர் அறுபடாமல் இருந்தால் சத்தம் போடும் நிலையில்) போட்டு, "சத்தம் வருதாண்ணா?", "இல்லடா, அடுத்ததைத் தொடு" என்று ஒவ்வொரு வயராகத் தேடி முடிப்பதற்குள் விடிந்துவிட்டது. ஒரு லிமிட் சுவிட்சுக்குப் போகும் வயர் அறுந்திருந்தது, அவ்வளவுதான். நம்பரைப் படிக்க முடிந்திருந்தால் அரை மணி நேர வேலை.

அந்த ஸ்டிக்கரை ஒட்டியவர் சோம்பேறி இல்லை. நாற்பது வயருக்கும் பொறுமையாக ஒட்டியிருக்கிறார். மெஷின் வாங்கியதில்தான் தவறு. பெரும்பாலும் நாம் கடையில் மெஷினைப் பார்த்துப் பிடித்துப்போய் வாங்கிவிட்டு, அப்புறம் அதற்கு என்ன டேப் கிடைக்கும் என்று தேடுகிறோம். முதலில் பார்க்க வேண்டியது வயரை. அது எவ்வளவு தடிமன், முனையில் லக் (திருகில் மாட்டும் உலோக முனை) அடித்து மாட்டியாகிவிட்டதா, எவ்வளவு சூட்டில் இருக்கப்போகிறது என்று தெரிந்தால் எந்த வகை லேபிள் என்பது முடிவாகிவிடும். அந்த லேபிளை அடிக்கிற மெஷின் எது என்பது கடைசிக் கேள்வி.

மை தேவையில்லாத பிரிண்டர்

போனோடு ப்ளூடூத்தில் சேரும் உள்ளங்கை அளவு பிரிண்டர்கள் இப்போது ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கின்றன. மை வேண்டாம், ரிப்பன் வேண்டாம் என்பதையே பெருமையாகப் போட்டிருப்பார்கள். மை இல்லாமல் எழுத்து எப்படி வருகிறது? லேபிள் தாளின் மேல் சூடு பட்டால் கறுக்கும் பூச்சு ஒன்று இருக்கிறது. பிரிண்டர் தலை அதைச் சுட்டு எழுதுகிறது. இதுதான் டைரக்ட் தெர்மல். சூப்பர்மார்க்கெட் பில்லும் இதே வகைதான். அந்த பில்லைச் சட்டைப் பையில் ஒரு மாதம் வைத்துப் பாருங்கள், பேனலுக்குள் என்ன நடக்கும் என்று புரிந்துவிடும். வெயில், சூடு, எண்ணெய் எல்லாமே இந்தப் பூச்சுக்கு ஆகாது. வயரின் பிவிசி உறையை வளைந்துகொடுக்க வைக்கும் பிளாஸ்டிசைசரும் ஆகாது. மேலே பிளாஸ்டிக் பூச்சு போட்ட தாள் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும், ஆனால் அடிப்படை அதேதான்.

சமையலறை டப்பாவுக்கு, கோப்புக்கு, குழந்தையின் நோட்டுக்கு இந்தப் பிரிண்டர் அருமை. பல வருடம் மூடியே இருக்கப்போகும் பேனலுக்குள் வேண்டாம்.

நமக்கு வேண்டியது தெர்மல் டிரான்ஸ்ஃபர். இதில் ரிப்பனில் இருக்கும் மை சூட்டில் இளகி டேப்பில் ஒட்டிக்கொள்ளும். பிரதர் நிறுவனத்தின் டிஇசட்இ டேப்புகளில், அடித்த எழுத்தின் மேல் ஒரு தெளிவான பிலிமும் சேர்ந்து ஒட்டி வெளியே வரும். எழுத்து இரண்டு படலங்களுக்கு நடுவில் மாட்டிக்கொள்வதால் துடைத்தாலும் தேய்த்தாலும் போகாது.

நல்ல டேப், தவறான இடம்

இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். மேலே சொன்ன லேமினேட் டேப் எம்சிபி (தானாக அணையும் பிரேக்கர்) பெட்டியின் முகப்பில், பேனல் கதவில், சுவிட்ச் போர்டில் கல் மாதிரி ஒட்டிக்கொள்ளும். அதையே 1.5 ஸ்கொயர் (உள்ளே உள்ள கம்பியின் குறுக்குவெட்டு 1.5 சதுர மில்லிமீட்டர்) வயரில் சுற்றினால் ஒரு வாரத்தில் ஓரம் எழும்பி நிற்கும். பசையைத் திட்டிப் பயனில்லை. டேப் விறைப்பானது, 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள வயரோ அதை மிகச் சிறிய வளையமாக மடக்குகிறது. அது நிமிரத்தான் பார்க்கும்.

சுற்றி ஒட்டுவதற்கென்றே வளையும் வகை டேப் தனியாக வருகிறது. கேசட்டின் மேல் 'ஃபிளெக்ஸிபிள்' என்று போட்டிருக்கும். டைமோவின் ரைனோ வரிசைக்கு நைலான் துணி மாதிரியான டேப்பும் உண்டு. பிராண்டு எதுவானாலும், உங்கள் மெஷினில் இந்த வகை கேசட் ஓடுமா என்று வாங்கும் முன்பே கேளுங்கள். ஒரே நிறுவனத்தின் இரண்டு மெஷின்களில் ஒன்றில் ஓடும், மற்றதில் ஓடாது.

இன்னும் நல்லது செல்ஃப் லேமினேட்டிங் லேபிள். பாதி வெள்ளை, மீதி ஒளி ஊடுருவும் வால். வெள்ளையில் நம்பரை அடித்து முதலில் அதை ஒட்டி, வாலை அதன் மேலேயே சுற்றி மூட வேண்டும். இதில் நடக்கும் தவறு அளவில்தான். வயரின் தடிமனை 3.14 ஆல் பெருக்கினால் சுற்றளவு. 3 மில்லிமீட்டர் வயருக்குச் சுமார் 9.5 மில்லிமீட்டர். வால் குறைந்தது அந்த அளவுக்காவது இருந்தால்தான் சுற்றி வந்து எழுத்தை முழுதாக மூடும். 10 மில்லிமீட்டர் தடிமனுள்ள கேபிள் என்றால் வாலே 32 மில்லிமீட்டர் வேண்டும். சின்ன வயருக்கு வாங்கிய லேபிளைப் பெரிய கேபிளில் சுற்றினால் எழுத்தில் பாதி வெளியே நிற்கும், மூடி எந்தப் பயனும் இல்லை.

கொடி மாதிரி நீட்டி ஒட்டும் லேபிள் நெட்வொர்க் கேபிளுக்குச் சரி. நெருக்கமான பேனலில் அது, வயர்கள் ஓடும் பிளாஸ்டிக் சேனலின் மூடியில் சிக்கிக் கிழியும், பக்கத்து வயரின் நம்பரையும் மறைக்கும்.

ஒட்டும் முன் வயரைத் துடைக்காமல் விடுவதும் தவறுதான். பைப்பில் இழுத்த வயரில் பவுடரோ சோப்போ இருக்கும். உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

ஷ்ரிங்க் டியூப், ஃபெரூல்: லக் அடிக்கும் முன்பா, பின்பா?

எனக்குத் தெரிந்து அதிகப் பணம் வீணாவது இதில்தான். ஹீட் ஷ்ரிங்க் டியூப்பில் (சூடு காட்டினால் சுருங்கி வயரைப் பிடித்துக்கொள்ளும் குழாயில்) அடித்த நம்பர்தான் உறுதியானது என்று யாரோ சொல்லக் கேட்டு, அதை அடிக்கும் மெஷினாகத் தேடி வாங்குவார்கள். உறுதிதான், மறுக்கவில்லை. ஆனால் டியூப்பை வயரின் முனை வழியாகத்தான் நுழைக்க முடியும். ஏற்கெனவே ரிங் லக் அடித்து மாட்டிய பழைய பேனலில் அதை எங்கே நுழைப்பது? ஒவ்வொரு லக்கையும் வெட்டி, வயரைச் சீவி, புது லக் அடிக்க வேண்டும். அப்படி இரண்டு முறை வெட்டினால் வயரின் நீளமே பத்தாமல் போகும். பழைய பேனலுக்குச் சுற்றும் லேபிள், புதுப் பேனலுக்கு டியூப் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டியூப்பின் அளவிலும் ஒரு குழப்பம் உண்டு. கேசட்டில் 5.8 மில்லிமீட்டர் என்று போட்டிருந்தால், அது தட்டையாக வைத்து அளந்த அகலம். அதை 6 மில்லிமீட்டர் வயருக்கு வாங்கினால் நுழையவே நுழையாது. அகலத்தை இரண்டால் பெருக்கி 3.14 ஆல் வகுத்தால் உண்மையான விட்டம் வரும். 5.8-க்கு 3.7 மில்லிமீட்டர் கிடைக்கிறது, கொஞ்சம் இடைவெளி விட்டு 3.2 வரையிலான வயருக்கு இதைப் பரிந்துரைக்கிறார்கள். நம் ஊர் 1.5 ஸ்கொயர் வயர் அந்த எல்லையை ஒட்டியே இருக்கிறது. நான் அடுத்த அளவான 8.8-ஐத்தான் வாங்குவேன். அது 2.6 முதல் 5.1 வரை பிடிப்பதால் 2.5 ஸ்கொயருக்கும் சேர்த்து ஒரே கேசட் போதும்.

மாதா மாதம் பேனல் செய்பவர்களுக்கு இதெல்லாம்கூட வேண்டாம், ஃபெரூல் (வயரில் நுழைக்கும் நம்பர் போட்ட சின்னக் குழாய்த் துண்டு) பிரிண்டர் வாங்குங்கள். பிவிசி டியூப்பில் வரிசையாக நம்பர் அடித்து, பாதி வெட்டு போட்டுக்கொண்டே போகும். ஜப்பானின் மேக்ஸ் நிறுவனத்தின் லெட்டாட்வின், கேனனின் எம்கே வரிசை எல்லாம் இந்த வேலைக்கென்றே செய்தவை. இங்கே ஒரு எச்சரிக்கை: ஃபெரூல் தளர்வாக இருந்தால் செங்குத்தான வயரில் வழுக்கிக் கீழே போய் சேனலுக்குள் ஒளிந்துகொள்ளும். டியூப் வாங்கும்போது உங்கள் வயரில் ஒரு துண்டைக் கையில் எடுத்துப் போய் நுழைத்துப் பாருங்கள்.

எத்தனை லேபிள், எப்படி அடிப்பது

மெஷின்களின் மின் சாதனங்களுக்கான ஐஇசி 60204-1 தரநிலை, ஒவ்வொரு வயரும் அது இணையும் ஒவ்வொரு முனையிலும் வரைபடத்தோடு பொருந்தும்படி அடையாளம் காணக்கூடியதாக இருக்க வேண்டும் என்கிறது. அதாவது 150 வயர் என்றால் 300 லேபிள். சின்ன விசைப்பலகையில் ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள், ஐம்பதாவதில் கை வலிக்கும், எண்பதாவதில் நம்பர் தப்பும். எக்ஸெல் பட்டியலைக் கம்ப்யூட்டரிலிருந்து அப்படியே எடுத்து அடிக்கும் வசதி, நம்பரைத் தானாகக் கூட்டிப் போடும் வசதி இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டு டிபி (மின் பங்கீட்டுப் பெட்டி) ஒன்றுக்கு மட்டும் என்றால் இந்தச் செலவு தேவையில்லை, 12 மில்லிமீட்டர் டேப் ஓடும் கையடக்க மெஷினே தாராளம்.

டேப் வீணாவதையும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பிரிண்டர் தலைக்கும் வெட்டும் கத்திக்கும் நடுவே இடைவெளி இருப்பதால், லேமினேட் டேப் மெஷினில் ஒவ்வொரு முறை தனியாக அடிக்கும்போதும் முன்னால் ஏறக்குறைய 25 மில்லிமீட்டர் வெற்று டேப் வரும். 8 மீட்டர் கேசட்டில் 40 மில்லிமீட்டர் லேபிளைத் தனித்தனியாக அடித்தால் 120 சொச்சம் கிடைக்கும். தொடராக அடித்தால் 200-ஐ நெருங்கலாம்.

அப்புறம் எழுத்து. 66-ஐத் தலைகீழாகப் பார்த்தால் 99, 68-ஐத் திருப்பினால் 89. ஃபெரூல் வயரில் எப்படியும் சுழலும் என்பதால் அடிக்கோடு போட வசதியுள்ள மெஷினாகப் பாருங்கள். ஓ எழுத்தையும் சைபரையும், ஐ எழுத்தையும் ஒன்றையும் ஒரே பட்டியலில் கலக்காதீர்கள். தமிழில் எழுத வேண்டுமானால் விசைப்பலகை மட்டும் உள்ள மெஷின் பெரும்பாலும் கைவிடும். கம்ப்யூட்டரோடு சேரும் மெஷினில் விண்டோஸின் தமிழ் எழுத்துருவையே அடிக்கலாம். மோட்டார் ரூம் சுவிட்சில் 'தோட்டத்து போர்வெல்' என்று தமிழில் இருந்தால், நாம் ஊரில் இல்லாத நாளில் வீட்டுப் பெரியவர்கள் தைரியமாக அதை ஆஃப் செய்வார்கள். இதை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

அந்த சாய ஆலை பேனலுக்கு மறுவாரமே போய் நாற்பது வயருக்கும் இரண்டு முனையிலும் செல்ஃப் லேமினேட்டிங் லேபிள் சுற்றினோம். எந்த கேசட், என்ன அகலம், எந்த மெஷினில் அடித்தது என்பதையும் ஒரு லேபிளாக அடித்துப் பேனல் கதவின் உள்பக்கம் ஒட்டிவிட்டு வந்தேன். நாளைக்கு வேறொருவர் ஒரு வயரை மாற்றினால், அதே டேப்பைத் தேடி வாங்க அவருக்கு அது போதும்.