சேற்றுப்புண்ணும் ஊதா மருந்தும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சம்பா நடவு தொடங்கி வயலில் தண்ணீர் நிற்கும் நாட்களில், திருவாரூர்ப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து சிகிச்சைக்கு வரும் பெண்களில் பலருக்குக் கால்விரல் இடுக்குகள் வெளுத்து, ஊறி, வெடித்திருக்கும். அந்தச் சேற்றுப்புண்ணுக்குப் பயிற்சிச் செவிலியர்கள் ஜி.வி. பெயிண்ட் என்னும் ஊதா நிற ஜென்சியன் வயலட் மருந்தைப் பூசுவதை அருகில் நின்று பார்க்கிறேன். பணியில் சேர்ந்த புதிதில் நான் செய்த அதே பிழைகளை அவர்களும் செய்கிறார்கள். கையில் கறை படிவது, சேலையில் சிந்துவது போன்றவற்றை அனுபவமே திருத்திவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

எல்லாக் கிருமிக்கும் இது போதும் என்று நம்புவது

ஜென்சியன் வயலட் என்பது ஒரு சாயம். 1884-இல் டென்மார்க் மருத்துவர் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் பாக்டீரியாக்களை இரு வகையாகப் பிரித்துக் காட்ட இந்த ஊதாச் சாயத்தைத்தான் பயன்படுத்தினார். இத்தகைய சாயங்களுக்குக் கிருமிகளை அடக்கும் ஆற்றல் உண்டு என்று 1890-இல் ஜெர்மன் கண் மருத்துவர் ஸ்டில்லிங் அறிவித்தார். கிராம் முறையில் ஊதா நிறத்தைப் பிடித்துக்கொள்ளும் வகைதான் இதற்கு அதிகம் அடங்குகிறது, மற்ற வகை பெரும்பாலும் தப்பிவிடுகிறது என்பதை 1912-இல் அமெரிக்க மருத்துவர் சர்ச்மன் காட்டினார். வாய் வெண்புண்ணை உண்டாக்கும் கேண்டிடா பூஞ்சைக்கும் இது பயன்படும். ஆனால் தப்பிவிடும் வகைக் கிருமியால் பச்சை நிறத்தில் சீழ் வடியும் புண்ணுக்கு இந்த மருந்தை நம்பியிருக்கக் கூடாது.

புண்ணை நிறத்துக்குள் மறைப்பது

நான் விரிவாக எழுத விரும்புவது இந்தத் தவறைத்தான். பல ஆண்டுகளுக்கு முன், ஐம்பதைத் தாண்டிய ஒரு நடவுப் பெண் என்னிடம் வந்தார். விரலிடுக்கில் ஒட்டியிருந்த சேற்றைச் சோப்புப் போட்டுக் கழுவாமல், பஞ்சால் ஒற்றியெடுத்துவிட்டு மருந்தைப் பூசி அனுப்பினேன். மூன்றாம் நாள் வந்தபோது பழைய பூச்சின் மேலேயே மீண்டும் பூசினேன். ஆறாம் நாள் புறங்கால் வரை ஊதாவாக இருந்தது. மருந்து நன்றாகப் பரவியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். “விடாம போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன் நர்சம்மா, காஞ்சிடும்” என்றார் அவர். அன்றிரவே குளிர்க்காய்ச்சல் கண்டது. பெரிய மருத்துவமனையில் காலைக் கழுவித் துடைத்துப் பார்த்தபோது, வீக்கம் கணுக்கால் வரை ஏறியிருந்தது. சர்க்கரையும் மிக அதிகமாக இருந்தது. முன்பு ஒருநாளும் அதை நாங்கள் சோதித்ததில்லை. இரண்டாம் விரலை எடுக்க வேண்டியதாயிற்று. இன்றும் ஒரு பாதம் முழுவதும் ஊதாவாக இருப்பதைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது.

சாயம் புண்ணுக்கு மருந்தாகும் அதே வேளையில், நாம் பார்க்க வேண்டிய சிவப்பையும் மூடிவிடுகிறது. நம்முடைய கருத்த தோலில் அந்தச் சிவப்பு முன்பே எளிதில் தெரியாது. சாயம் ஏறிய பின் சற்றும் தெரியாது. ஆகவே பூசுவதற்கு முன் சோப்பும் தண்ணீரும் கொண்டு இடுக்குகளைக் கழுவி, பொருக்கையும் சீழையும் நீக்கி, உலர்ந்த துணியால் ஈரத்தை முழுவதும் எடுத்துவிட வேண்டும். பிறகு புறங்கையை வைத்துச் சூட்டைப் பார்க்க வேண்டும். வீக்கம் இருந்தால் அதன் எல்லையைப் பேனாவால் கோடிட்டு, மறுநாள் அந்தக் கோட்டைத் தாண்டியிருக்கிறதா என்று ஒப்பிட வேண்டும். மருந்து புண்ணின் மேல் மட்டும் மெல்லிய ஒரு பூச்சாக இருந்தால் போதும். பழைய நிறம் முழுதாகப் போகாது என்றாலும், ஒவ்வொரு முறையும் கழுவிப் பார்த்த பிறகே அடுத்த பூச்சு.

தொடை இடுக்கில் நெறி கட்டியிருந்தாலும், காய்ச்சல் கண்டாலும், மரத்துப்போன பாதமாக இருந்தாலும் அன்றே மருத்துவரிடம் அனுப்பிவிட வேண்டும். கும்பகோணம் வட்டாரத்தில் யானைக்கால் நோய் நெடுங்காலம் பரவியிருந்ததால், வீங்கிய காலோடு வாழும் முதியவர்கள் டெல்டாவில் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுக்கு அடிக்கடி வரும் காய்ச்சலுக்கும் கால்வலிக்கும் காரணமான பாக்டீரியா பெரும்பாலும் இந்த விரலிடுக்கு வெடிப்பு வழியாகத்தான் உள்ளே போகிறது.

காலையில் பூசி வயலுக்கு அனுப்புவது

சேற்றில் இறங்கிய உடனே புண் மறுபடி ஊறிவிடும். நடவுக் கூலியை விட்டுவிட்டு வீட்டில் இருக்கச் சொல்வது பலருக்கும் நடக்காத அறிவுரை. மாலையில் கரையேறிக் கால் கழுவி, உலர்த்தி, பூசி, இரவு முழுவதும் விரலிடுக்குகள் காற்றாட இருக்கும்படி சொன்னால் அவர்களால் செய்ய முடிகிறது.

குழந்தையின் வாயில் அப்படியே தடவுவது

தோலுக்கு 0.5 சதவீதம், வாய்க்கு அதில் பாதியான 0.25 சதவீதம். கையில் இருப்பது 1 சதவீதக் கரைசல் என்றால், வாய்க்குத் தடவ ஒரு பங்கு மருந்துக்கு மூன்று பங்கு கொதித்து ஆறிய தண்ணீர் சேர்க்க வேண்டும். அடர்த்தியாகத் தடவினால் மென்மையான வாயின் உட்தோல் வெந்து புண்ணாகும். குழந்தை பால் குடிக்க மறுக்கும். ‘வெண்புண் இன்னும் ஆறவில்லை’ என்று அதன் மேலேயே மறுபடி தடவிய தாய்மாரை நான் பார்த்திருக்கிறேன்.

முகத்துப் புண்

பூச வேண்டாம். சதை வளரும் திறந்த புண்ணில் நிறம் பச்சை குத்தியது போலத் தங்கிவிடலாம்.

கண்

அருகிலும் கொண்டுபோகக் கூடாது.

நாள் கணக்கு இல்லாமல் தொடர்வது

தோல் புண்ணுக்கு ஒரு நாளைக்கு இரண்டு முறை, ஐந்து நாள். எலிகளுக்கு நீண்ட காலம் உணவில் கலந்து கொடுத்த சோதனைகளில் இந்தச் சாயம் புற்றுநோயை உண்டாக்கியது. அதன் அடிப்படையில் 2019-இல் கனடாவின் சுகாதாரத் துறை எச்சரிக்கை விடுத்தது. ஐந்து நாளில் இடுக்கு உலரவில்லை என்றால் பாட்டிலை மூடிவைத்துவிட்டு, பாதத்தை மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். சர்க்கரையையும் அன்றே பார்த்துவிடுங்கள்.