பிரிட்டிஷ் குடியுரிமை: பழைய பாஸ்போர்ட்டை முதலில் தேடி எடுங்க

பிரிட்டிஷ் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கப் போறவங்க, காலாவதியான பாஸ்போர்ட்டையும் சேர்த்து எடுத்து வையுங்க. பயணத் தேதிகளைச் சரிபார்க்க அதுதான் முதல் ஆதாரம். பொது விதிப்படி, கடந்த 5 ஆண்டுகளில் 450 நாளுக்கு மேல் வெளிநாட்டில் இருந்திருக்கக் கூடாது; கடைசி 12 மாதத்தில் 90 நாள்தான். கணவரோ மனைவியோ பிரிட்டிஷ் குடியுரிமை உள்ளவர் என்றால் 3 ஆண்டுகளில் 270 நாள். பாஸ்போர்ட் தொலைந்துவிட்டதா? பி60 (வேலை கொடுத்தவர் ஆண்டுதோறும் தரும் சம்பள, வரிச் சான்று), வேலை கொடுத்தவரின் கடிதம் போன்றவற்றைத் திரட்டுங்க.

நம்மவர்கள் அதிகம் தடுமாறுவது திருமணச் சான்றிதழில்தான். தமிழிலோ சிங்களத்திலோ இருந்தால் முழு ஆங்கில மொழிபெயர்ப்பு வேணும். மொழிபெயர்த்தவரின் பெயர், கையொப்பம், தேதி, தொடர்பு விவரம், 'மூலத்துக்குச் சரியானது' என்ற உறுதிமொழி, எல்லாம் அதிலேயே இருக்கணும். ஓரத்தில் இருக்கும் முத்திரை வாசகத்தைக்கூட விடாதீங்க. பெயரின் இனிஷியலை ஒரு ஆவணத்தில் விரித்தும் இன்னொன்றில் சுருக்கியும் எழுதியிருந்தால், அதை விளக்கி ஒரு சிறு கடிதம் இணைப்பது நல்லது.

பயோமெட்ரிக் (கைரேகை, புகைப்படம் எடுக்கும்) அப்பாயின்ட்மென்ட்டுக்கு முன்பே எல்லாவற்றையும் நீங்களே ஸ்கேன் பண்ணி அப்லோட் செய்துடுங்க. நாலு மூலையும் தெரியணும், எழுத்து மங்கக் கூடாது.