பாயிங்க் கிராபிக்ஸ் கார்டைக் காணவில்லை என்கிறதா? லினக்ஸில் சரிசெய்வது எப்படி

பாயிங்க் (ஆங்கிலத்தில் பி, ஓ, ஐ, என், சி) என்பது உங்கள் கணினியின் ஓய்வுத் திறனை அறிவியல் திட்டங்களின் கணக்கீடுகளுக்குக் கொடுக்கும் மென்பொருள். அதை நிறுவியாயிற்று, திட்டத்தில் சேர்ந்தாயிற்று, பிராசசர் வேலைகளும் ஓடுகின்றன. நிகழ்வுப் பதிவில் மட்டும் "நோ யூசபிள் ஜிபியூஸ் ஃபவுண்ட்" என்று ஒரு வரி, அதாவது பயன்படுத்தக்கூடிய கிராபிக்ஸ் கார்டு (ஜிபியூ) எதுவும் இல்லையாம். அதே கார்டில் கேம் ஓடும், வீடியோ ஓடும். பாயிங்க் கண்ணுக்கு மட்டும் தெரியாது. இதில் பெரும்பாலான சிக்கல்களுக்குக் காரணம் ஒன்றுதான்: கார்டை நீங்கள் பார்ப்பது உங்கள் பயனர் கணக்கிலிருந்து, பாயிங்க் பார்ப்பது அதன் சொந்தக் கணக்கிலிருந்து. உங்கள் டெர்மினலில் எல்லாம் சரியாக வந்தாலும் அதை வைத்து பாயிங்குக்கும் தெரியும் என்று முடிவுகட்ட முடியாது.

கட்டளைகளை இங்கே ஒலிப்படி எழுதியிருக்கிறேன். டெர்மினலில் வழக்கம்போல ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டச்சுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் சொல்கிறேன். தொகுப்புப் பெயர்கள் டெபியன், உபுண்டு வழக்கப்படி.

முதலில்: இது கண்டறியும் சிக்கல்தானா?

பாயிங்க் மேலாளரில் கன்ட்ரோல், ஷிஃப்ட், இ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் நிகழ்வுப் பதிவு திறக்கும். டெர்மினல் பழகியவர்கள் "ஜர்னல்சிடிஎல் -யூ பாயிங்க்-கிளையண்ட் -பி" என்று பாருங்கள். எனக்கு இதுதான் பிடிக்கும். கடைசியாகக் கணினியைத் தொடங்கியதிலிருந்து எல்லா வரிகளும் வரும், மேலே நகர்த்தித் தேடுவதும் எளிது.

தொடக்க வரிகளில் "கூடா: என்விடியா ஜிபியூ 0" அல்லது "ஓபன்சிஎல்: ஏஎம்டி/ஏடிஐ ஜிபியூ 0" என்று இருந்தால் கார்டு கண்டறியப்பட்டுவிட்டது (கூடா, ஓபன்சிஎல் இரண்டும் கார்டில் கணக்கீடுகளை ஓட்டும் வழிகள்; கூடா என்விடியாவுக்கு மட்டும்). அதன் பிறகும் வேலை வரவில்லை என்றால் காரணம் வேறு. ரொசெட்டா@ஹோம் திட்டம் பிராசசர் வேலை மட்டுமே தரும். ஐன்ஸ்டைன்@ஹோம், பிரைம்கிரிட் இரண்டிலும் கார்டுக்கு வேலை உண்டு. திட்டத்தின் தளத்தில் உங்கள் விருப்ப அமைப்புகளுக்குள் என்விடியா, ஏஎம்டி, இன்டெல் என்று தனித்தனியே டிக் பெட்டிகள் இருக்கும், அவற்றையும் பாருங்கள். "கணினி பயன்பாட்டில் உள்ளது" என்று கார்டு வேலை நின்றிருந்தால் அது பாயிங்கின் விருப்ப அமைப்பு, பழுது இல்லை.

இரண்டு கார்டு வைத்திருந்து ஒன்றின் பக்கத்தில் "நாட் யூஸ்டு" என்று வந்தாலும் பயப்பட வேண்டாம். இருப்பதிலேயே திறன் மிகுந்த கார்டை மட்டும் எடுத்துக்கொள்வது பாயிங்கின் இயல்பு. பாயிங்கின் அமைப்புக் கோப்பான சிசி_கான்ஃபிக்கின் ஆப்ஷன்ஸ் பகுதியில் "யூஸ்_ஆல்_ஜிபியூஸ்" மதிப்பை 1 ஆக்கி, பின்னணியில் ஓடும் பாயிங்க் சேவையை மறுதொடக்கம் செய்தால் போதும் (கட்டளை கீழே வருகிறது).

டிரைவர்

"எல்எஸ்பிசிஐ -கே" கொடுத்து, கார்டின் வரிக்குக் கீழே "கெர்னல் டிரைவர் இன் யூஸ்" என்ன சொல்கிறது என்று பாருங்கள்.

என்விடியா கார்டுக்கு "நூவோ" (லினக்ஸோடு வரும் திறந்த மூல டிரைவர்) என்று வந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். திரைக்கு அது போதும், ஆனால் அதில் கூடா கிடையாது. என்விடியாவின் சொந்த டிரைவர் வேண்டும். உபுண்டுவில் "சூடோ உபுண்டு-டிரைவர்ஸ் இன்ஸ்டால்", டெபியனில் நான்-ஃப்ரீ களஞ்சியத்தைத் திறந்துவிட்டு "என்விடியா-டிரைவர்" தொகுப்பு. என்விடியா தளத்திலிருந்து இறக்கும் ரன் கோப்பைப் புதியவர்களுக்கு நான் பரிந்துரைக்கவே மாட்டேன். தொகுப்பு மேலாளருக்கு அது தெரியாது, அடுத்த கெர்னல் புதுப்பிப்பில் டிரைவர் காணாமல் போக வாய்ப்பு அதிகம்.

டிரைவர் நிறுவிய பிறகும், கார்டின் நிலையைக் காட்டும் "என்விடியா-எஸ்எம்ஐ" கட்டளை பேசவில்லை என்றால் இரண்டு இடம் பார்க்க வேண்டும். ஒன்று செக்யூர் பூட், அதாவது கையொப்பம் சரியான மென்பொருளை மட்டும் தொடங்கவிடும் பாதுகாப்பு. "மோக்யூடில் --எஸ்பி-ஸ்டேட்" அது இயக்கத்தில் இருப்பதாகச் சொல்லி, "சூடோ மோட்புரோப் என்விடியா" கொடுத்ததும் "கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்" என்று திருப்பி அனுப்பினால், டிரைவரின் கையொப்பத்தைக் கணினி ஏற்கவில்லை. நிறுவும்போது ஒரு கடவுச்சொல் கேட்டிருக்கும். மறுதொடக்கத்தில் வரும் நீலத் திரையில் "என்ரோல் மோக்" தேர்ந்து அதே சொல்லைக் கொடுக்க வேண்டும். அந்தத் திரை சில நொடிகளே நிற்கும். கவனிக்காமல் விட்டுவிடுவது எளிது. இன்னொன்று, "டிரைவர்/லைப்ரரி வெர்ஷன் மிஸ்மேட்ச்" என்ற செய்தி. புதுப்பிப்பில் நூலகம் புதியதாகிவிட்டது, நினைவகத்தில் பழைய மாட்யூல்தான் ஓடுகிறது என்று அர்த்தம். கணினியை மறுதொடக்கம் செய்தால் தீரும்.

ஏஎம்டியில் "ஏஎம்டிஜிபியூ", இன்டெலில் "ஐ915" அல்லது "எக்ஸ்இ" என்று வந்தால் கெர்னல் பக்கம் வேலை முடிந்தது.

ஓபன்சிஎல்

திரை டிரைவர் வேறு, கணக்கிடும் டிரைவர் வேறு. ஏஎம்டி, இன்டெல் வைத்திருப்பவர்கள் பலர் தடுக்கி விழுவது இங்கேதான்.

"சூடோ ஏபிடி இன்ஸ்டால் சிஎல்இன்ஃபோ" செய்துவிட்டு "சிஎல்இன்ஃபோ -எல்" ஓட்டுங்கள். எதுவுமே வராவிட்டால் "இடிசி" அடைவில் "ஓபன்சிஎல்" (ஓ, சி, எல் மூன்றும் பெரிய எழுத்து), அதற்குள் "வெண்டர்ஸ்" அடைவைத் திறந்து பாருங்கள். ஐசிடி என்று முடியும் சின்னச் சின்ன உரைக்கோப்புகள் இருக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் ஒரே வரிதான்: ஒரு நூலகத்தின் பெயர். அடைவு காலியாக இருந்தால் கணக்கிடும் டிரைவரே இல்லை.

இன்டெலுக்கு "இன்டெல்-ஓபன்சிஎல்-ஐசிடி". ஏஎம்டிக்கு இரண்டு வழி: ஏஎம்டியின் சொந்தக் கணக்கிடும் தொகுப்பான ராக்எம், அல்லது திறந்த மூல கிராபிக்ஸ் நூலகமான மெசாவின் ரஸ்டிசிஎல். ராக்எம் ஆதரிக்கும் கார்டு என்றால் அதையே போடுங்கள். பட்டியலில் இல்லாத கார்டுக்கு ரஸ்டிசிஎல். அதற்கு "மெசா-ஓபன்சிஎல்-ஐசிடி" தொகுப்பு. இதில் ஒரு கண்ணி உண்டு. "ரஸ்டிசிஎல்_எனேபிள்" என்ற சூழல் மாறிக்கு "ரேடியான்எஸ்ஐ" என்று மதிப்பு கொடுக்காமல் பல மெசா பதிப்புகளில் கார்டு பட்டியலில் வராது. மாறியின் பெயர் முழுக்கப் பெரிய எழுத்து, மதிப்பு சிறிய எழுத்து. அதை உங்கள் பேஷ் அமைப்புக் கோப்பில் போட்டால் உங்களுக்கு மட்டும்தான் தெரியும். பாயிங்க் சேவை அந்தக் கோப்பைப் படிப்பதே இல்லை. "சூடோ சிஸ்டம்சிடிஎல் எடிட் பாயிங்க்-கிளையண்ட்" கொடுத்து, சதுர அடைப்புக்குள் "சர்வீஸ்" என்ற தலைப்பு வரி, அதன் கீழ் "என்விரான்மென்ட்=" என்று தொடங்கி அந்த மாறி, ஒரு = குறி, மதிப்பு என்று எழுதுங்கள் (சர்வீஸ், என்விரான்மென்ட் இரண்டுக்கும் முதல் எழுத்து பெரிய எழுத்து). திறக்கும் கோப்பில் மேலே இரண்டு குறிப்பு வரிகள் இருக்கும். அவற்றுக்கு இடையில் எழுதினால்தான் சேமிப்பாகும்.

பாயிங்கின் கண்ணால் பாருங்கள்

பொறுமையாகச் செய்ய வேண்டிய படி இது. இப்போது ஓட்டுங்கள்:

"சூடோ -யூ பாயிங்க் சிஎல்இன்ஃபோ -எல்"

உங்கள் கணக்கில் கார்டு வந்தது, இதில் வரவில்லை என்றால் சிக்கல் பெரும்பாலும் அனுமதியில். வெறும் "சூடோ சிஎல்இன்ஃபோ" போட்டுப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். அது ரூட் என்ற நிர்வாகிக் கணக்கில் ஓடும், ரூட்டுக்கு எல்லாக் கதவும் திறக்கும். அதை வைத்து எதையும் சொல்ல முடியாது.

ஏன் இப்படி? "எல்எஸ் -எல் /டெவ்/டிஆர்ஐ" கொடுத்துப் பாருங்கள். "ரெண்டர்டி128" (டி பெரிய எழுத்து) என்ற கோப்புக்கு உரிமையாளர் ரூட், குழு ரெண்டர். மற்றவர்களுக்கு அனுமதி இல்லை. அனுமதிப் பகுதியின் கடைசியில் ஒரு + குறி இருக்கிறதா? அதுதான் விஷயம். திரைக்கு முன் உட்கார்ந்து உள்நுழைந்திருப்பவருக்கு, சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி தற்காலிகமாகத் தனி அனுமதி கொடுக்கிறது. "கெட்எஃப்ஏசிஎல்" கொண்டு அதே கோப்பைப் பார்த்தால் உங்கள் பெயரே அங்கே எழுதியிருக்கும். பாயிங்க் கணக்கு எந்தத் திரைக்கு முன்னும் உட்காருவதில்லை. அதற்கு அந்தச் சலுகை கிடைக்காது. எஸ்எஸ்ஹெச் வழியே தொலைவிலிருந்து நுழைகிறவர்களுக்கும் கிடைக்காது.

தீர்வு ஒரே வரி:

"சூடோ யூசர்மாட் -ஏஜி வீடியோ,ரெண்டர் பாயிங்க்"

ஏ சிறிய எழுத்து, ஜி பெரிய எழுத்து. ஏ விட்டுப்போனால் பாயிங்க் ஏற்கெனவே இருந்த மற்ற துணைக்குழுக்களிலிருந்து நீக்கப்பட்டுவிடும். கமாவுக்குப் பிறகு இடைவெளி கூடாது. என்விடியா மட்டும் வைத்திருப்பவர்களுக்கு உபுண்டுவில் இந்தப் படி பெரும்பாலும் தேவைப்படாது, அதன் சாதனக் கோப்புகள் எல்லோருக்கும் திறந்தே இருக்கும். டெபியனில் வீடியோ குழு தேவைப்படும்.

இனி வருவதுதான் பலரைச் சுற்றவிடும் இடம். குழுவில் சேர்த்ததும் மறுபடி "சூடோ -யூ பாயிங்க் சிஎல்இன்ஃபோ -எல்" ஓட்டினால் கார்டு வந்துவிடும். பாயிங்க் மட்டும் இன்னும் காணோம் என்று சொல்லும். காரணம், சூடோ ஒவ்வொரு முறையும் குழுப் பட்டியலைப் புதிதாகப் படிக்கிறது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பாயிங்க் செயல்முறையோ தொடங்கியபோது வாங்கிய பழைய பட்டியலையே வைத்திருக்கிறது. அதோடு, பாயிங்க் கார்டைத் தேடுவது தொடங்கும்போது ஒரே ஒரு முறைதான். மேலாளரில் "அமைப்புக் கோப்புகளை மீண்டும் படி" எத்தனை தடவை அழுத்தினாலும் மறுபடி தேடாது. மேலாளர் சாளரத்தை மூடித் திறப்பதும் பயனில்லை, அது வெறும் முகப்பு; பின்னால் ஓடுவது சேவை.

"சூடோ சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் பாயிங்க்-கிளையண்ட்"

பெரும்பாலானோருக்கு இத்தோடு கார்டு வந்துவிடும்.

இன்னும் வரவில்லையா

மேலாளரில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஃப் அழுத்தி வரும் பட்டியலில் "கோப்ராக்_டீபக்" டிக் செய்துவிட்டு சேவையை மறுதொடக்கம் செய்யுங்கள். எந்த நூலகத்தைத் தேடியது, எது கிடைக்கவில்லை என்று வரிவரியாகச் சொல்லும். "லிப்ஏடிஐசிஏஎல்ஆர்டி" கிடைக்கவில்லை என்று ஒரு வரி வரும். அதைத் தேடி அலைய வேண்டாம். அது பழைய ஏடிஐ கார்டுகளின் நூலகம், இன்றைய கார்டு எதற்கும் தேவையில்லை. "லிப்கூடா" கிடைக்கவில்லை என்றால் என்விடியா வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும்: டெபியனில் "லிப்கூடா1", "என்விடியா-ஓபன்சிஎல்-ஐசிடி" இரண்டும் நிறுவப்பட்டிருக்கின்றனவா பாருங்கள். -1001 என்ற பிழை எண் வந்தால் ஓபன்சிஎல் தளம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை என்று பொருள், வெண்டர்ஸ் அடைவுக்குத் திரும்புங்கள்.

ஸ்னாப், ஃப்ளாட்பேக் என்ற தனித்தொகுப்பு வடிவில் பாயிங்க் நிறுவியிருந்தால் மேலே சொன்ன படிகளில் பாதி பொருந்தாது. அவை தனிக்கூண்டுக்குள் ஓடுவதால் நீங்கள் வெளியே போட்ட ஐசிடி கோப்புகள் உள்ளே தெரியாமல் போகும். கார்டுக்கு வேலை கொடுப்பதுதான் நோக்கம் என்றால், அதை நீக்கிவிட்டு வினியோகத்தின் சாதாரணத் தொகுப்பையே போடுங்கள்.

பின்சேர்க்கை: கையால் தொடங்கினால் வருகிறது, கணினியைத் தொடங்கினால் வரவில்லை

இது நேரச் சிக்கல். டிரைவர் தயாராகும் முன்பே பாயிங்க் எழுந்து தேடிவிட்டு, ஒன்றும் இல்லை என்று முடிவுகட்டிவிடுகிறது. முன்பு சொன்ன அதே எடிட் கட்டளையில், சர்வீஸ் தலைப்பின் கீழ் "எக்ஸிக்ஸ்டார்ட்ப்ரீ=/பின்/ஸ்லீப் 30" என்று சேர்த்துவிடுங்கள் (முதல் சொல்லில் எக்ஸிக், ஸ்டார்ட், ப்ரீ மூன்றின் முதல் எழுத்தும் பெரிய எழுத்து). 30 நொடி பெரும்பாலும் போதும். 90-ஐத் தொட்டுவிடாதீர்கள், தொடங்க அவ்வளவு நேரம் ஆனால் சிஸ்டம்டி தன் இயல்பு வரம்புப்படி சேவை தோல்வி என்று நிறுத்திவிடும்.

மானிட்டர் இல்லாத என்விடியா கணினிகளில் காத்திருந்தாலும் பலிக்காமல் போகலாம். "என்விடியா-எஸ்எம்ஐ" நன்றாகவே ஓடும், கூடா மட்டும் வராது. டெவ் அடைவில் "என்விடியா-யூவிஎம்" கோப்பு இருக்கிறதா பாருங்கள். எஸ்எம்ஐக்கு அது தேவையில்லை, கூடாவுக்குக் கட்டாயம் தேவை. ஸ்லீப் வரிக்குப் பதிலாக "எக்ஸிக்ஸ்டார்ட்ப்ரீ=+/யூஎஸ்ஆர்/பின்/என்விடியா-மோட்புரோப் -யூ -சி=0" என்று எழுதுங்கள். முன்னால் இருக்கும் + குறி அந்த ஒரு வரியை மட்டும் ரூட்டாக ஓட்டும். கணினியை முழுதாக அணைத்துத் தொடங்கி, உள்நுழையாமல் ஐந்து நிமிடம் விட்டு, பிறகு ஜர்னலைப் பாருங்கள். "கூடா: என்விடியா ஜிபியூ 0" வரி இருந்தால் இனி ஒவ்வொரு தொடக்கத்திலும் கார்டு தானாகவே வேலைக்குப் போகும்.